மகளின் மூக்கில் கரும்புள்ளி

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் முன்சீட்டு ரெக்சினில் பிய்ந்து நிற்கும் நூலை இழுத்துக்கொண்டேதான் வருவேன். புது டம்ளர் வாங்கினால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் டீ குடிப்பேன். "உன் கைக்கு ஒரு பூட்டு போடணும்" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது சிரிக்காமல் சொல்கிறார்.

கை இப்படி என்றால் கண் அதைவிட மோசம். அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம். ஆம்பூரைத் தாண்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தோல் செலக்‌ஷனில் இருக்கிறேன். பதனிட்டுச் சாயம் ஏற்றி வரும் தோலை ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, குறை எங்கே என்று தேடுவது என் வேலை. மாட்டை உண்ணி கடித்த தடம், முள்வேலி கிழித்த தழும்பு, குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. கண்ட இடத்தில் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவேன். கட்டிங்கில் இருப்பவர்கள் அந்த வட்டத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவார்கள். நன்றாக இருக்கும் இடத்தைப் பார்த்து 'ஆகா' என்று சொல்வதற்கு அங்கே யாரும் என்னை வைக்கவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் அந்தக் காக்கைக்கும் கீழே. என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் அவள் மூக்கின் மேலும் பக்கங்களிலும் கரும்புள்ளிகள் வர ஆரம்பித்தன. மற்ற அம்மாக்களுக்கு ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவள் கணக்குப் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா, நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது. நீ மூஞ்சிய ஒழுங்கா கழுவறியா இல்லையா? எவ்ளோ அழுக்கு பாரு."

அழுக்கு என்றுதான் நினைத்தேன். கறுப்பாக இருந்தால் அழுக்கு, அழுக்கு என்றால் தேய்த்தால் போகும், போகவில்லை என்றால் இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும். என் அறிவு அவ்வளவுதான். கடலைமாவில் தயிர் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத்தில் சர்க்கரை தொட்டுத் தேய்த்தேன். போன் வீடியோவில் யாரோ பற்பசை தடவச் சொன்னார்கள், அதையும் தடவினேன். ஆவி பிடிக்க வைத்து, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். புழு போல வெள்ளையாக ஒன்று வெளியே வரும்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு நாளில் அதே இடத்தில் மறுபடி கறுப்பு வந்துவிடும். அவளும் குளியல் சோப்பைப் போட்டு ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவினாள். தோல் வெளுத்து வறண்டதே தவிர, புள்ளி அசையவில்லை. இதற்கெல்லாம் நடுவில் தினமும் காலையில் அவள் தலையில் எண்ணெயை வழிய வழிய வைத்துப் பின்னி அனுப்பியதும் நான்தான். அந்த எண்ணெய் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் நெற்றிக்கும் மூக்குக்கும் இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீபாவளிக்குத் திருப்பத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். வந்தவள் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "இன்னா அண்ணி, பொண்ணு மூக்குல மிளகுப்பொடி தூவி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுத் தோலுக்கு வேறு ஒருத்தி வட்டம் போட்டுவிட்டாள் என்ற எரிச்சல் அது. பிள்ளைக்காக எரிந்தது என்று சொன்னால் பொய்.

கம்பெனியில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற பெண்கள் உட்காருவார்கள். தோலின் ஓரத்தை மடித்து ஒட்ட லேட்டக்ஸ் என்று ஒரு பசை வரும். பார்ப்பதற்குப் பால் போல வெள்ளையாக இருக்கும், மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் ஒரு நெடி. வேலை முடியும் நேரத்தில் அவர்கள் விரலில் காய்ந்த பசையை உரித்து எடுப்பார்கள். மெல்லிய ஜவ்வாகக் கழன்று வரும், கூடவே விரலில் இருந்த சாயம், அழுக்கு எல்லாம் வந்துவிடும். உரித்த இடம் குழந்தை விரல் போல இருக்கும். பதினோரு வருஷமாகப் பார்த்த காட்சிதான். அந்த வாரம் பார்த்தபோது மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஃபேன்சி ஸ்டோரில் மூக்கில் ஒட்டி இழுக்கிற பட்டி தொங்குகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று நினைத்தேன். காலியான தைல பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அன்றைக்கு ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் போயிருந்தார். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய பிரஷ்ஷால் மூக்கு முழுக்கத் தடவினேன். கன்னத்தின் ஓரத்துக்கும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"நாத்தம் தாங்கலம்மா. எரியுது."

"எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அசையாத."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஃபேனைக் கூட்டி வைத்தேன். இன்னும் காயவில்லை, இன்னும் காயவில்லை என்று இருபது நிமிஷம் உட்கார வைத்தேன். அந்த இருபது நிமிஷமும் அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அவள் அலறினாள். நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஜவ்வைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை வந்திருக்கிறது என்று பார்த்தேன். நாலோ ஐந்தோ வந்திருந்தது. அவற்றோடு இன்னும் ஏதோ ஒட்டியிருந்தது, ஈரமாக. அது தோல் என்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. தோலில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு நொடி.

திரும்பிப் பார்த்தபோது மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து, பொடிப்பொடியாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினேன். தேங்காயெண்ணெய் போட்டேன், அவள் இன்னும் கத்தினாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து "இன்னா ஆச்சு?" என்று கேட்டதும், "போன்ல பாத்துட்டு இன்னாத்தையோ ஒட்டி இழுத்துட்டா" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. மகள் படுத்திருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொருக்கு கட்டி, அது உதிர்ந்து, கீழே கருஞ்சிவப்பாகத் தடம் விழுந்த பிறகுதான் பயம் வந்து வேலூருக்கு அழைத்துப் போனேன். அவள் தடத்தை மறைக்க மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். மாஸ்க்கை எடுக்கச் சொல்லி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு பண்ணது?" என்று கேட்டார்.

"அவதான் டாக்டர். போன்ல பாத்துட்டு பசையப் போட்டு இழுத்துட்டா. இந்தக் காலத்துப் பசங்க எங்க சொன்ன பேச்சக் கேக்குது?"

பொய்யை அளவோடாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கடைசி வரி எதற்கு என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் என் மகளைப் பார்த்துக் கடுமையாகவே சொன்னார். "ஒன்பதாவது படிக்கற பொண்ணு, பசையப் போய் மூஞ்சில போடலாமா? கண்ணுல பட்டிருந்தா இன்னா பண்ணுவ?"

"இனிமே போடமாட்டேன் டாக்டர்" என்றாள் என் மகள்.

அந்தப் பதிலைக் கேட்டபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பேசிக்கொண்டே போனார். அது அழுக்கே இல்லையாம். தோலில் இருக்கிற சின்னச் சின்னத் துவாரங்களில் எண்ணெயும் செத்த தோலும் அடைத்துக்கொள்கிறது, துவாரத்தின் வாய் திறந்திருப்பதால் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. "நறுக்கி வச்ச வாழக்காய் கறுத்துப் போகுதில்ல, அந்த மாதிரி. வாழக்காயத் தேச்சா வெளுக்குமா?" என்றார். காலையும் மாலையும் சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷால் மென்மையாகக் கழுவினால் போதும், அதற்கு மேல் கழுவினால் தோல் வறண்டு இன்னும் கெடும் என்றார். தலைக்கு எண்ணெய் கம்மியாக வையுங்கள், முகத்துக்கு வேண்டவே வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். காயம் ஆறின பிறகு ராத்திரியில் ஒரு ட்யூப் மருந்து, முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. பகலில் வெயிலுக்கு ஒரு க்ரீம். இரண்டு மூன்று மாதம் ஆகும், அவசரப்படக் கூடாது. எல்லாம் போனாலும் மூக்கில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது எல்லார் மூக்கிலும் இருப்பது, தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டாம். கடைசி வரியைச் சொன்னபோது அவர் என் மகளைத்தான் பார்த்தார். எனக்கோ என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

வெளியே வரும்போதே அவள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். பஸ் விரிஞ்சிபுரம் தாண்டியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி, மாஸ்க்கை லேசாகத் தூக்கி, குடித்துவிட்டு, இறக்கிக்கொண்டாள்.

முதலில் அந்த மாஸ்க் பொருக்குத் தடத்துக்காக என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு மாஸ்க் இல்லாமல் போனாள். அப்பாவோடு மாஸ்க் இல்லாமல் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டு பாய் வீட்டில் அவர்களுடைய பெரிய மகளோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தாடைக்குக் கீழே கிடந்த மாஸ்க் மேலே ஏறிவிடும். என் முன்னால் சாப்பிடுவதில்லை. "கொரோனாவுலகூட இவ இவ்ளோ ஒழுங்கா போடல" என்று அவள் அப்பா கிண்டல் செய்தார். அவருக்குக் காரணம் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தாய்க்கண் பொல்லாத கண் என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். பிள்ளை அழகாக இருக்கிறது என்று பெற்றவளே பார்த்து ரசித்தால் கண்பட்டுவிடும் என்பதற்காகச் சொல்வது. நான் ரசித்துப் பார்த்ததே இல்லையே, எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அழுதேன். அழுது முடித்த பிறகுதான், அதுதான் காரணம் என்று உறைத்தது.

அந்த வாரங்களை எப்படித் தள்ளினேன் என்று தெரியவில்லை. மருந்து ட்யூப் மெலிகிறதா என்று தினமும் எடுத்துப் பார்த்தேன். மெலிந்தது. தலையணை உறையை அவளே துவைத்துப் போட்டாள். எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால், "வேணாம், நானே பின்னிக்கிறேன்." எனக்குத் தெரிந்த முகத்தில் இப்போது கண்ணும் நெற்றியும்தான் மிச்சம். வேலையிலும் புத்தி நிற்கவில்லை. கண்ணில் பட்டதற்கெல்லாம் வட்டம் போட்டேன். சூப்பர்வைசர் ஒரு தோலைத் தூக்கிப் பிடித்து, "இன்னாக்கா, இதுல வெட்ட எங்க இடம் விட்டீங்க? இந்த மாடு பொறக்காமலே இருந்திருக்கலாம் போல" என்றார். மேஜை மொத்தமும் சிரித்தது. நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொங்கல் கழிந்து மறுபடி டாக்டரிடம் போனோம். நன்றாக ஆறியிருக்கிறது, தடமும் மங்குகிறது என்றார். நான் பின்னால் நின்றதால் எனக்கு அவள் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் அவளைக் கேட்டார்: "இனிமே அந்த மாதிரி வேலையெல்லாம் பண்ணமாட்டல்ல?"

அவள் தலையாட்டினாள். இரண்டாவது முறையும் என் குற்றத்தை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அவ பண்ணல டாக்டர்" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "லேட்டக்ஸ் போட்டு இழுத்தது நான்தான். எரியுதுன்னு சொன்னா, நான் கேக்கல. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"இப்ப அவ மூஞ்சில கை வைக்கறீங்களா?"

"கிட்டயே விடமாட்டேங்கறா."

"நல்லது. அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் என் மகள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "அப்பாகிட்டயும் சொல்லணும்." சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்கு வரும்போது அந்தக் கண்ண கம்பெனிலயே வச்சுட்டு வா" என்றார்.

உண்மையைச் சொன்ன மறுநாளே மாஸ்க் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. நாலு பேருக்கு நடுவில் தலையைக் குனிந்தாயிற்று, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று. கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று விழுங்கிக்கொள்வேன்.

ரம்ஜானுக்கு முதல் நாள் சாயங்காலம் பிறை தெரிந்ததும் தெருவே பரபரப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரிய பெண் என் மகளைக் கூப்பிட்டு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மெஹந்தி போட்டு அனுப்பியிருந்தாள். நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு. கண்ணுக்குக் கீழே எப்போதும் போல அந்த நீல மாஸ்க், அந்தப் பெண்தான் ஏற்றிவிட்டிருக்க வேண்டும்.

"ம்மா. மருந்து போடணும்."

"அப்பா வரட்டுமே."

"அப்பா வர லேட்டாகுமாம். எனக்குத் தூக்கம் வருது. மூஞ்சி கழுவிட்டுத்தான் மெஹந்தி போட்டுக்கிட்டேன், மூஞ்சி நல்லா காஞ்சிடுச்சு."

"ஒரு நாள் விட்டா இன்னா? நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

"விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க." தன் மெஹந்திக் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நீயே போட்டு விடு. ஆனா கண்ண மூடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது."

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கட்டிலில் அவள் உட்கார, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ட்யூபிலிருந்து பட்டாணி அளவு விரலில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினேன். இடது கையால் துழாவி மாஸ்க்கின் நாடாவைக் காதிலிருந்து எடுத்தேன், ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். காது சில்லென்று இருந்தது. நெற்றியில் தொட்டு வைத்து, கன்னங்களுக்கு இறக்கி, தாடைக்கு வந்தேன். இவ்வளவு சின்ன முகமா என்று இருந்தது. பிறகு மூக்கு.

இடது பக்க மடிப்பில் ஒன்று இருந்தது. கடுகு அளவுகூட இல்லை. விரல் தானாக நின்றது. நகத்தின் ஓரத்தில் தட்டுப்படும்படி, கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும்படி இருந்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாலும் மெஹந்திக் கைகள் காற்றில் அப்படியே நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் 'வேணாம்' என்று சொல்லவில்லை, நகரவும் இல்லை. காத்திருந்தாள்.

விரலை எடுத்து மறு பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அவள் விட்ட மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. கண்ணைத் திறக்காமலே மிச்ச மருந்தைத் தடவி முடித்தேன்.